1,457 கெஜம் பாக்கி

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கிரிக்கெட்டே இப்போதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து சுமார் ஐந்து மாதம் மிச்சிகனில் மகன் வீட்டில் இருந்தபோது இந்த ஆட்டத்திடமிருந்து தப்பிக்க வழியில்லாமல் போனது. டெட்ராய்ட் பக்கம் நம் பிள்ளைகள் நிறையப் பேர் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். என் மகனும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாம்பார் கொதிக்கிறதோ இல்லையோ, டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

பேரனுக்குப் பதினோரு வயது. நீலச் சட்டை ஒன்று வைத்திருக்கிறான். துவைக்கக்கூடக் கழற்றித் தர மாட்டான். முதுகில் 20 என்று எண்.

"யாருடா இது?" என்று கேட்டேன்.

"பாரி, தாத்தா."

எனக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிதான் ஞாபகத்துக்கு வந்தார். "இந்தப் பாரி என்ன கொடுத்தார்?" என்றேன். அவனுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனாலும் பதில் சொன்னான். "டச்டவுன் போட்டதும் குதிக்க மாட்டார், ஆட மாட்டார். பந்தை நடுவர் கையில கொடுத்துட்டுப் பேசாம போயிடுவார்."

அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒரு நாள் திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாராம். பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னும் கோவமா இருக்கார்" என்றான்.

இந்தப் பதிவு அந்தக் கோபத்தைப் பற்றியது. அந்தக் கோபம் நியாயமில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 100 கெஜ மைதானம். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே போய் எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. முன்னேற இரண்டு வழி உண்டு. பந்தை வீசி இன்னொருவர் பிடிப்பது ஒன்று. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது மற்றொன்று. அப்படி ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். நம் சடுகுடுவில் பாடிப்போகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சடுகுடுவில் எதிரே ஏழு பேர்தான். இங்கே பதினோரு பேர், அதில் பலர் 120, 130 கிலோ. ஓடி வருகிறவரை மோதிச் சாய்ப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு ஆட்டத்தில் சுமார் இருபது தடவை இப்படி மோதல் வாங்கவேண்டும். பாரி காலத்தில் பருவத்துக்குப் பதினாறு ஆட்டம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த வேலையில் ஆயுள் குறைவு. மூன்று, நான்கு வருடம் தாக்குப் பிடிப்பதே பலருக்குப் பெரிய காரியம். முப்பது வயதானால் கிழவர் என்று அணியே முடிவு கட்டிவிடும்.

பாரி சாண்டர்ஸ் 1968-இல் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊரில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் ஒருவர். அப்பா வீடுகளுக்குக் கூரை போடும் தொழிலாளி. பிள்ளைகளையும் கூடவே அழைத்துப்போய் வேலை வாங்கியவர். பாரியின் உயரம் 5 அடி 8 அங்குலம்தான். இவ்வளவு குள்ளமாக இருந்தால் எடுபடாது என்று பெரிய கல்லூரிகள் பல அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் முதல் இரண்டு வருடம் தர்மன் தாமஸ் என்ற புகழ்பெற்ற வீரருக்கு மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார்.

1988-இல் அவர் முறை வந்தது. 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடினார். ஆட்டத்துக்குச் சராசரியாக 239 கெஜம். ஒருவர் ஒரு ஆட்டத்தில் 100 கெஜம் ஓடினாலே கைதட்டுவார்கள். பெரிய கல்லூரிகளின் ஆட்டத்தில் அந்த ஒரு பருவச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2024-இல் ஆஷ்டன் ஜென்டி என்ற இளைஞர் 14 ஆட்டம் ஆடி 2,601 வரை வந்து நின்றுவிட்டார். அந்த வருடம் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை பாரிக்குக் கிடைத்தது. விருதை அறிவித்தபோது அவர் விழா மேடையில்கூட இல்லை. ஆட்டம் ஆட டோக்கியோ போயிருந்தார்.

1989-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். அந்த ஆட்டத்தில் லயன்ஸ் ஜெயிப்பது உறுதியாகிவிட்டது. பாரி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த வருடம் அதிக கெஜம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு அவருக்கு இன்னும் பத்து கெஜம்தான் குறைவு. பயிற்சியாளர் வேய்ன் ஃபான்ட்ஸ் "உள்ளே போகிறாயா?" என்று கேட்டார். வேண்டாம், ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்ற மாதிரி பதில் சொல்லிவிட்டார் பாரி. பட்டம் 1,480 கெஜம் ஓடிய கிறிஸ்டியன் ஒகோயே என்பவருக்குப் போனது. பாரியின் கணக்கு 1,470.

அப்போது அவருக்கு வயது 21. அந்த வயதில் எனக்கு ஆபீஸ் கேரம் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் கிடைக்காததற்கே ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

பத்து வருடம் ஆடினார். பத்து வருடமும் ஆயிரம் கெஜத்துக்கு மேல். பத்து வருடமும் நாட்டின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானார். 1997-இல் முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்து வெறும் 53 கெஜம். ஆள் முடிந்துவிட்டார் என்று எழுத ஆரம்பித்தார்கள். அடுத்த 14 ஆட்டத்திலும் ஒன்று விடாமல் 100 கெஜத்துக்கு மேல் ஓடி, பருவத்தை 2,053-இல் முடித்தார். ஒரே பருவத்தில் 2,000 தாண்டியவர்கள் அதற்கு முன் இரண்டே பேர்தான்.

மகன் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினான். எனக்கு நுணுக்கம் தெரியாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. வழி இல்லை என்று தெரிந்ததும் நிற்பார், திரும்புவார், பின்னால்கூட ஓடுவார். நாலு பேர் சேர்ந்து பிடித்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கும்போது அவர்கள் கையில் காற்றுதான் இருக்கும். இப்படி ஆடுவதில் நஷ்டமும் உண்டு. 1994 கடைசி நாளில் கிரீன் பே அணியோடு நடந்த ஆட்டத்தில் 13 முறை ஓடி அவர் கணக்கில் ஏறியது கழித்தல் ஒரு கெஜம். அதாவது புறப்பட்ட இடத்துக்கும் பின்னால். வரவு செலவு இரண்டும் பெரிதாக இருந்த கணக்கு அது.

அணி மட்டும் உருப்படவில்லை. பத்து வருடத்தில் ஐந்து முறை அடுத்த கட்டப் போட்டிகளுக்குப் போனார்கள். ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில். 1998-இல் 16 ஆட்டத்தில் 11 தோல்வி.

1999 ஜூலை கடைசியில், அடுத்த பருவத்துக்கான பயிற்சி தொடங்க இருந்த நேரம். பாரி தன் சொந்த ஊர் செய்தித்தாளான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஓய்வு பெறுகிறேன், தொடரும் ஆசையைவிட விலகும் ஆசை அதிகமாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். பேட்டி இல்லை, விழா இல்லை, மாலை மரியாதை இல்லை. லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். வயது 31. உடம்பில் ஊனம் எதுவும் இல்லை.

அப்போது அவர் கணக்கில் இருந்தது 15,269 கெஜம். வால்டர் பேட்டன் என்ற மாமனிதர் வைத்திருந்த உலகச் சாதனை 16,726. வித்தியாசம் 1,457. பாரி ஓடுகிற வேகத்துக்கு அது ஒரு வருட வேலை. அந்த ஒரு வருடத்தைத்தான் அவர் தரவில்லை. ஓடிப் போட்ட டச்டவுன்கூட 99-தான். நூறு ஆகட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

இனி பக்கத்து வீட்டுக்காரர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். நான் வாசலில் நடைபோகும்போது அவர் இலை கூட்டிக்கொண்டிருப்பார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் வேறு வேறு என்றாலும் ஓய்வு பெற்றவர்களுக்குப் பேச விஷயமா இல்லை? சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை விலை என்று போய்ப் போய்ப் பேச்சு பாரியிடம் வந்து நின்றது. அவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார்.

ஒன்று, சாதனை. கையில் இருந்ததைத் தட்டிவிட்டுப் போனார். அது டெட்ராய்ட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெருமை.

இரண்டு, பணம். 1997-இல் ஆறு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மட்டும் 1.1 கோடி டாலர். இரண்டு வருடம் ஆடிவிட்டுப் போனால் எப்படி?

மூன்று, போன விதம். பயிற்சி தொடங்க இருக்கும்போது ஒரு ஃபேக்ஸ். தன்னை நேசித்த ஊருக்கு நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

மூன்றாவதை நான் ஒப்புக்கொள்கிறேன். போகிறவர் கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்கலாம். நாற்காலியைக் காலி செய்கிறவர் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. அது குறைதான்.

பணத்தைப் பொறுத்தவரை, அது தீர்ந்த கணக்கு. அணி நிர்வாகம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. விவகாரம் நடுவரிடம் போனது. ஆடாத வருடங்களுக்கு உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. முடிந்தது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் இந்த ஆட்டத்தின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒருபக்கச் சாய்வு உள்ளவை. வீரர் காயப்பட்டாலோ வேகம் குறைந்தாலோ ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே அணி அவரை வெளியே அனுப்பலாம். கெவின் குளோவர் என்பவர் பாரிக்கு முன்னால் நின்று வழி திறந்துகொடுத்தவர், நெருங்கிய நண்பர். பாரி 2,053 ஓடிய அந்தப் பருவம் முடிந்ததும் அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அது பாரியை மிகவும் பாதித்தது. அணி விட்டால் நிர்வாக முடிவு, வீரர் விட்டால் துரோகமா?

சாதனைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். 1,457 கெஜம் பாக்கி என்கிறார்களே, யாருக்குப் பாக்கி? அந்தச் சாதனை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நாம். அவர் ஆசைப்படவில்லை. 1989-இல் பத்து கெஜத்துக்காக எழுந்து போகாதவர், 1999-இல் 1,457 கெஜத்துக்காக ஏன் எழுந்து போக வேண்டும்? 21 வயதில் செய்தபோது அடக்கம் என்று பாராட்டியவர்களே 31 வயதில் செய்தபோது கோழைத்தனம் என்றார்கள். மாறியது அவரில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயத்துக்குப் பயந்து விலகினேன் என்று அவர் சொல்லவில்லை. தோற்றுத் தோற்று மனம் வெறுத்துவிட்டது, அணி நிர்வாகத்துக்கு ஜெயிக்கும் எண்ணமே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆனால் அந்த மைதானத்தில் அவர் எதையெல்லாம் பார்த்தார் என்று யோசியுங்கள். 1991 நவம்பரில் அவர் அணியின் மைக் அட்லி கழுத்தில் அடிபட்டு விழுந்தார். தூக்கிச் செல்லும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஊரே அந்த விரலைக் கொண்டாடியது. ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு சக்கர நாற்காலிக்குப் போனார். 1997 டிசம்பரில் பாரி 2,000 கெஜத்தைத் தாண்டிய அதே ஆட்டத்தில் ரெஜி பிரௌன் என்ற 23 வயது இளைஞர் தண்டுவடத்தில் அடிபட்டு, மூச்சு நின்று, மைதானத்திலேயே உயிர் கொடுத்து எழுப்பினார்கள். பிழைத்தார், நடந்தார். ஆட்டம் அன்றோடு முடிந்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் மனிதருக்குப் பார்க்கக் கிடைத்த காட்சி அது.

கடைசிவரை நின்றவர்கள் கதையும் இருக்கிறது. டெக்சாஸ்காரர் எர்ல் கேம்ப்பெல் எழுபதுகளின் கடைசியில் ஹியூஸ்டனில் ஆடியவர். பாரி மாதிரி வளைந்து ஓட மாட்டார், நேராக ஆட்கள்மேல் மோதி ஓடுவார். 1980-இல் மட்டும் 1,934 கெஜம். எட்டு வருடத்தில் உடம்பு தேய்ந்துபோனது. 31 வயதில், பாரி விலகிய அதே வயதில் விலகினார். முதுகெலும்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் போய், நடுவயதிலேயே ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் தேவைப்பட்டன. அவரைக் கொண்டாடிய ரசிகர்களில் எத்தனை பேர் அந்த நாற்காலியைத் தள்ளினார்கள்?

அதற்காக, சீக்கிரம் போகிறவர்தான் ஞானி என்று நான் சொல்ல வரவில்லை. எம்மிட் ஸ்மித் பதினைந்து வருடம் ஆடினார். 2002 அக்டோபரில் பேட்டனின் சாதனையைத் தாண்டினார். டாலஸ் அணி போதும் என்று விட்ட பிறகும் அரிசோனா போய் இரண்டு வருடம் ஆடி 18,355-இல் நிறுத்தினார். அவருக்கு அது வேண்டியிருந்தது, உழைத்தார், எடுத்துக்கொண்டார். அதில் என்ன தவறு? நம் கபில்தேவும் ஹாட்லியின் 431 விக்கெட்டைத் தாண்டும்வரை நின்றார். 1994-இல் அகமதாபாத்தில் 432-வது விழுந்தபோது நானும் எழுந்து நின்று கைதட்டினேன். அதற்கு முந்தைய ஒரு வருடமாக, "இவர் போனால்தானே ஸ்ரீநாத்துக்கு இடம் கிடைக்கும்" என்று முணுமுணுத்ததும் நான்தான். நிற்கிறவரை ஏன் நிற்கிறாய் என்போம், போகிறவரை ஏன் போகிறாய் என்போம். பார்வையாளர் வேலை சுலபமானது.

நிற்பதா போவதா என்பதை உடம்பைக் கொடுக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதுதான் என் கட்சி.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, "நீங்கள் எத்தனை வயதில் ஓய்வு பெற்றீர்கள்?" என்று கேட்டேன். ஐம்பதில் என்றார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் தொழிற்சாலைக்குள் போனவர். முப்பது வருடம் முடித்ததும் முழு பென்ஷனோடு வெளியே வந்துவிட்டார். அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கிய உரிமை அது. 1970-இல் ஜெனரல் மோட்டார்ஸில் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து அந்தக் கதவை முதலில் திறந்தார்கள். பிறகு வயது வரம்பும் தளர்ந்தது. முப்பது வருடம் உடம்பைக் கொடுத்தாயிற்று, இனி மிச்ச வாழ்க்கை எனக்கு என்று சொல்லும் உரிமை.

"உங்கள் கணக்கில் முப்பது வருடம். அவர் வேலையில் பத்து வருடம் முப்பதுக்குச் சமம் இல்லையா? 3,062 தடவை பந்தோடு ஓடியிருக்கிறார்" என்றேன்.

கொஞ்ச நேரம் இலைகளைக் கூட்டினார். "அது வேறே" என்றார். எப்படி வேறே என்று சொல்லவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2000-ஆம் வருடக் கடைசியில் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். திட்டம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் கிளையில் ஒரு தலைமைக் கேஷியர் இருந்தார். என் நண்பர். சாயங்காலம் அவர் கணக்கு ஒரு பைசா பிசகி நான் பார்த்ததில்லை. அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வயது ஐம்பதுதான். இன்னும் பத்து வருட சர்வீஸ் இருந்தது. "ஏன்யா?" என்று கேட்டதற்கு, "போதும்னு தோணுது சார்" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை. கேண்டீனில் எல்லோர் முன்னாலும் நான், "பாதியிலே ஓடுறவனுக்கு எதுக்குய்யா வழியனுப்பு விழா?" என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் ஓடவில்லை. சீஃப் மேனேஜர் ஆகாமல் ரிடையர் ஆவதில்லை என்று நின்றேன். என் 1,457 கெஜம் அது. 2004-இல் கிடைத்தது. கூடவே ராய்ப்பூருக்கு மாற்றல். மனைவி ஊரில் என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான் அங்கே தனியாக ரொட்டியும் தாலுமாக ஐந்து வருடம். அம்மா போன செய்தி வந்தபோது ஆடிட் நடந்துகொண்டிருந்தது. வந்து சேர மறுநாள் ராத்திரி ஆகிவிட்டது. ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, பந்தல் போட்டு, வந்தவர்களை உட்காரவைத்து, என் மனைவிக்குத் துணையாக அதுவரை வாசலிலேயே நின்றிருந்தவர், பாதியில் ஓடினான் என்று நான் சொன்ன அதே ஆள்தான். அவருக்கு நேரம் இருந்தது.

2009-இல் சால்வை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு முறைப்படி ஓய்வு பெற்றேன். சீஃப் மேனேஜர் என்பதை இப்போது யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்ததா, அல்லது எனக்கு அது வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்ததால் வேண்டியிருந்ததா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாரிக்கு அது 31 வயதில் பிரிந்து தெரிந்திருக்கிறது. என் மரியாதை அதற்குத்தான்.

பாரி இல்லாமல் லயன்ஸ் மூழ்கிவிடவில்லை. அவர் போன அதே 1999-இல் எட்டு ஆட்டம் ஜெயித்து அடுத்த கட்டத்துக்குக்கூடப் போனார்கள். நாம் போனால் கிளையே நின்றுவிடும் என்று நினைப்பதும் ஒரு மயக்கம்தான். 2004-இல் பாரியை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். நான் போயிருந்த 2023 செப்டம்பரில் டெட்ராய்ட் ஃபோர்ட் ஃபீல்ட் மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஊர் கோபத்தை விழுங்கிக்கொள்ள இருபத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது. பேரன் என்னை அழைத்துப்போய்க் காட்டினான். ஓடுகிற கோலத்தில் சிலை. போட்டோ எடுத்துக்கொண்டோம்.

2024 ஜனவரி 14 அன்று லயன்ஸ் 24-23 என்று லாஸ் ஏஞ்சலீஸ் அணியை ஜெயித்தது. பாரி ஆடிய அந்த 1992 வெற்றிக்குப் பிறகு, முப்பத்திரண்டு வருடம் கழித்து அடுத்த கட்டப் போட்டியில் முதல் வெற்றி. தெருவெல்லாம் கார் ஹாரன். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பனியில் சட்டைமேல் கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்து நின்றார். சட்டையில் எண் 20. பழைய சட்டை, நூல் பிரிந்திருந்தது. கோபித்துக்கொண்டவர் அதைத் தூக்கி எறியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய வாரமே நண்பரின் வீட்டுக்குப் போனேன். அன்று கேண்டீனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இருபத்து மூன்று வருடம் தாமதம். அதை நேராகக் கேட்க வராமல் பாரி கதையை முழுக்கச் சொன்னேன், ஃபேக்ஸ் வரைக்கும். கேட்டுக்கொண்டே காபியை ஆற்றிக் கொடுத்தார். கடைசியில் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அதை விடுங்க சார். அந்த 1,457 கெஜத்துக்கு வட்டி போட்டாங்களா?"